நிலத்தில் விழுந்த அடி

என் மகன் கனடாவில் நிலத்தை அடித்துப் பேரெடுத்தவன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உண்மை அதுதான். கிருசாந்தனும் அவனுடைய குழுவில் இருக்கிற பிள்ளைகளும் இரண்டு கையிலும் கம்பைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். ஒருவர் கம்பில் மற்றவர் தட்டுவார். தாளம் வேகமெடுத்து உச்சத்துக்குப் போனதும் எல்லோரும் ஒன்றாகக் குந்தி, வலது கைக் கம்பால் தரையில் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். அந்த இடத்தில் மண்டபமே எழுந்து நின்று கைதட்டும். யூடியூபில் அதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நான் பார்த்ததாகத்தான் இருக்கும்.

"அது நிலம் வணங்கிற அடி அம்மா," என்று ஒருமுறை போனில் விளங்கப்படுத்தினான். "எங்கட மண்ணைத் தொட்டுக் கும்பிடுறது. வேற ஒரு நாட்டுக் கம்பாட்டத்திலயும் இது இல்லை."

வேறு நாடுகளிலும் கம்பாட்டம் உண்டென்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரம்டனில் இவர்கள் ஆடிப் பழகிய மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் இருந்து குஜராத்திப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இது எங்கட தாண்டியா அல்லவா!" என்றார்களாம். அவனோடு வேலை செய்கிற மலையாளப் பெடியன், இல்லை இது கோல்களி, என்னுடைய மாமன்மார் ஆடுவார்கள் என்றானாம். ஒரு விழாவில் குருநாகல் சிங்களவர் ஒருவர் கட்டிப்பிடித்து, லீ கெளி பார்த்து எத்தனை வருடம் என்று கண் கலங்கினாராம். தமிழ்நாட்டு டான்ஸ் டீச்சர் ஒருத்தி, கோலாட்டத்தை ஆம்பிளைகள் ஆடி இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாளாம். கம்பு இரண்டுதான், அதற்குக் கடலுக்குக் கடல் ஒரு பேர்.

கிருசாந்தனுக்கு அது பெரிய மனவருத்தம். எல்லாரும் தங்களுடையது என்றால் என்னுடையது எது என்று கேட்டான். பிறகு தானே ஒரு பேர் வைத்தான்: வன்னியடி. வேறு எவரிடமும் இல்லாத அந்தத் தரை அடி இருக்கிறதே, அதுதான் அவனுக்குச் சாட்சி. தொலைக்காட்சிக்காரர் கேட்டபோது, "அப்பா எனக்குத் தந்தது, அப்பாவுக்கு அவரின்ர அப்பா தந்தது," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

என் மாமனாரை எனக்குத் தெரியும். மனுசன் மண்வெட்டிப் பிடியைத் தவிர வேறு தடி தொட்டவரில்லை. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் என்றால் என் புருஷன் மயில்வாகனம். "பெடியன் ஏதோ உசாரில சொல்லிப்போட்டான்," என்றுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.

அது போன வருடம். இந்த வருடம் முல்லைத்தீவில் நடக்கிற கலை விழாவுக்குக் கிருசாந்தனைக் குழுவோடு அழைத்தார்கள். வன்னியடியின் மூத்த கலைஞர் என்று இவருக்கும் மேடையில் பொன்னாடை போடப் போகிறார்களாம். முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் நெல் விதைத்து வயது போன மனுசனுக்குப் பொன்னாடை. நான் கேலி செய்தேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கச்சு முகம்மது நானா வந்தார். நீராவிப்பிட்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவர், இவருடைய உயிர்ச் சிநேகிதன். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம் ஆட்களை எல்லாம் வெளியேறச் சொன்னபோது புத்தளத்துக்குப் போய், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து, காடு பத்திப்போன வளவைத் துப்புரவாக்கி இருக்கிறவர். அவரும் இவரும் கதைக்கத் தொடங்கினால் ஆடு மாடுகூடப் பட்டினி. அன்றைக்கு அவர் மகன் றம்சீனோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது முகத்தில் சிரிப்பில்லை. நான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தேன்.

"மயில், உன்ர மகன்ர ஆட்டத்தை நேற்றுத்தான் பாத்தனான்," என்றார் நானா.

"வடிவா ஆடுறாங்கள், என்ன?" என்றார் இவர்.

"வடிவாத்தான் ஆடுறாங்கள்." நானா போனை எடுத்து ஓட விட்டார். பிள்ளைகள் குந்துகிற இடம் வந்ததும் நிற்பாட்டினார். "இந்த இடத்தில ஏன் நிலத்துக்கு அடிக்கிறாங்கள்?"

"அது நிலம் வணங்கிற அடி நானா," என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

நானா என்னைப் பார்த்தார். பிறகு போனை றம்சீனிடம் கொடுத்துவிட்டு, அந்த வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் நெல்லுக்கு நடுவில் குந்தினார். வெறுங்கையை முழங்கால் உயரத்தில் நீட்டினார்.

"இது குந்தியடி தங்கச்சி. ஒரு சுற்று முடிய ஆளாள் தன்ர சோடிக்கு முன்னால வந்து குந்தவேணும். ரெண்டு கம்பும் இந்த உயரத்தில முட்டவேணும். இவனுக்குச் சோடி நான். என்ர கம்பு இதில இருக்கும், இவன் அடிப்பான். நான் இல்லாட்டி இவன்ர கம்பு எங்க போகும்? நேர நிலத்துக்குத்தான் போகும்."

சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து கிடந்த கொட்டில் முற்றத்தில் இவர் எட்டு வயதுக் கிருசாந்தனுக்குக் கம்பு பழக்கியது கண்ணுக்குள் வந்தது. எதிரில் ஆளில்லாமல் இவர் தனியே சுற்றுவார், குந்துவார், கம்பு தரையில் மோதும். பிள்ளை அதையும் சேர்த்துப் பழகினான். அதைத்தான் கனடாவுக்குக் கொண்டுபோனான். ஆள் இல்லாத இடத்துக்கு அவன் ஒரு பேர் வைத்து, ஒரு விளக்கமும் வைத்து, அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறான்.

"இதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தனி?" என்று கேட்டார் இவர். குரல் இறங்கிப் போயிருந்தது.

"இல்லை. நீயே சொல்லு றம்சீன்."

றம்சீன் புத்தளத்தில் அகதி முகாமில் பிறந்தவன். இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஊர்ப் பெடியன்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வாப்பாவிடம் களிக்கம்பு பழக வைத்திருந்தான். களிக்கம்பு என்பதுதான் அவர்கள் இந்த ஆட்டத்துக்குச் சொல்லும் பேர். கல்யாண மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போகும்போது முன்னால் ஆடுவார்கள்.

"நாங்களும் விழாவில ஆடக் கேட்டனாங்கள் மாமா," என்றான். "விழாக் குழுவில இருக்கிற ராஜினி மிஸ் ஒருக்கா ஆடிக் காட்டச் சொன்னவா. பாத்திட்டுச் சிரிச்சவா. இது கனடாவில கிருசாந்தன் செய்யிற வன்னியடி, நீங்கள் யூடியூப்ல பாத்துப் பழகிப்போட்டு எங்கட மாவட்டத்தின்ர கலை எண்டு வந்து நிக்கிறியளே எண்டு கேட்டவா. நிலம் வணங்கிறதை மட்டும் விட்டிட்டியளாம். அதோட, நீங்கள் புத்தளத்து ஆக்கள்தானே எண்டும் சொன்னவா."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவன் நிலத்தைப் பார்த்தான்.

என்னைப் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பாயிலிருந்து காணி கிடைக்குமென்று இங்கே வந்தவர்கள். என்னிடம் இன்றுவரை ஒருவரும் நீ எந்த ஊர் என்று கேட்டதில்லை. நானாவின் பூட்டன் நீராவிப்பிட்டி மண்ணுக்குள் கிடக்கிறார். அவருடைய பிள்ளையைப் பார்த்து நீ எங்கே இருந்து வந்தாய் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேருக்கு நான் சண்டைக்கு வரேல்லை மயில்," என்றார் நானா. "கட்டார்ல என்ர தம்பி மலையாளிகளோட சேர்ந்து ஆடுறான், அங்க கோல்களி எண்டுதான் சொல்லுறாங்களாம். என்ன குறைஞ்சு போச்சு? உன்ர மகன் என்ன பேரையும் வைக்கட்டும், எந்த நாட்டிலயும் ஆடட்டும். ஆனா நாங்கள் அவனைப் பாத்துக் களவெடுத்தனாங்கள் எண்டா, என்ர பிள்ளை இந்த ஊரில எந்த முகத்தோட நடக்கிறது? பொன்னாடை போடேக்க உன்னட்ட மைக்கைத் தருவினம். எங்க பழகினனீ எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அவ்வளவுதான் கேக்கிறன்."

"பாப்பம்," என்றார் இவர்.

"பாப்பம் எண்டா?"

"பெடியன் வரட்டும் மச்சான். அவனோடயும் ஒருக்காக் கதைச்சிட்டு..."

நானா எழும்பிச் சாரத்தில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டினார். நான் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்பிவிட்டது.

இவர் அவர்களோடு ஆடத் தொடங்கிய கதை எனக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். நானாவின் வாப்பாவுக்கு நெல்லுக் குத்துகிற மில் இருந்தது. இவர் உழவு மெசினில் நெல் ஏற்றிக்கொண்டு போவார். அந்த வாப்பாதான் களிக்கம்பு பழக்குகிற அண்ணாவியார். ஆட்டத்தில் ஒருவன் சவூதிக்குப் போய்விட, சோடி உடைந்து போனது. மில் வாசலில் சும்மா நின்ற இவருடைய கையில் அண்ணாவியார் கம்பைக் கொடுத்தார். கச்சுவுக்கு முன்னால் போய் நில் என்றார். அவர்கள் ஊரில் ஒரு முறை சோடி சேர்ந்தால் ஆயுசுக்கும் அதுதான் சோடி. அடிக்கிறவனுடைய பலமும் வேகமும் எதிரே நிற்கிறவனுக்குத்தான் தெரியும், மாற்றினால் விரல் போய்விடும் என்பார்களாம். வெளியேறச் சொன்ன நாளில் நானாவின் உம்மா ஹவ்வா உம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் உழவு மெசினில் ஏற்றிப் புளியங்குளம் வரை கொண்டுபோய் விட்டவரும் இவர்தான். அதற்கு அப்பால் இயக்கம் இவரைப் போக விடவில்லை.

இவ்வளவும் செய்த மனுசனுக்கு ஒரு சொல்லுச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஏன் பிள்ளைக்கு அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? சோனக ஆக்களிட்டப் பழகினது எண்டு சொன்னா அவன் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லுவான். பேந்து இயக்கத்தால ஆர் வந்து என்ன கேப்பினம் எண்டு உமக்குத் தெரியாதே? எங்கட ஆட்டம் எண்டு மட்டும் சொன்னனான்."

"அது அப்ப. இப்ப ஆர் வந்து கேக்கினம்?"

"இப்ப அவன்ர பேரெல்லே இருக்கு," என்றார். "அத்தினை ஆக்களுக்கு முன்னால சொந்தப் பிள்ளையைப் பொய்யனாக்கச் சொல்லுறீரே?"

அன்றைக்குப் பயத்தில் மூடிய வாய் இன்றைக்குப் பாசத்தில் திறக்காமல் கிடந்தது. கோபத்தில் நான் நிறையக் கதைத்தேன். அப்படிக் கதைத்தாலும் என் மனதுக்குள்ளும் ஒரு மூலையில் பிள்ளையின் முகம்தான் நின்றது. தாய்க்காரி நான், எனக்குமட்டும் ஆசையா அவன் தலைகுனிவதைப் பார்க்க?

கிருசாந்தன் வந்தான். எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து முல்லைத்தீவில் தங்கவைத்துவிட்டு, வீட்டுக்குத் தனியே வந்தான். வந்த உடனேயே குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டான். தாடி வைத்திருந்தான். தகப்பனுக்குச் சப்பாத்து, எனக்குக் கம்பளிச் சட்டை. வன்னி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வந்த பிள்ளையைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவர் வயலுக்குப் போயிருந்தார். இனி இவரை நம்பிப் பிரயோசனமில்லை என்று நானே சொல்லத் தொடங்கினேன். நானா வந்தது, நெல்லுக்குள் குந்தியது, றம்சீனை ராஜினி கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சாப்பிடுவதை நிற்பாட்டிவிட்டுப் புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அப்ப நான் நிலத்தை வணங்கேல்லை," என்றான். "ஆள் இல்லாத இடத்தை அடிச்சிருக்கிறன்."

"உனக்குத் தெரியாதுதானே ராசா."

"பத்து வருஷமா மேடையில சொல்லிக்கொண்டு வாறன் அம்மா. பிள்ளையளுக்குப் படிப்பிச்சிருக்கிறன். அந்த அடியைப் பாத்து எத்தினை பேர் என்னட்ட வந்து அழுதிருக்கினம் தெரியுமே? அப்பா ஏன் என்னட்டச் சொல்லேல்லை? போன்ல சொல்லியிருக்கலாமே, ஒரு நாளாவது?"

அவன் எழும்பிக் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"சரி. அப்பா மேடையில சொல்லட்டும்," என்றான். "நான் ஏற்றுக்கொள்ளுறன். நானே சொன்னா, இவ்வளவு காலமும் பொய் சொன்னவன் எண்டுவினம். அவர் சொன்னா எல்லாருக்கும் மரியாதையாப் போகும்."

கனடாவுக்குப் போனாலும் என் பிள்ளை என் பிள்ளைதான் என்று நினைத்தேன். இவர் வயலால் வந்ததும் சொன்னேன். இவர் மகனுடைய தோளைப் பிடித்தார். "சொல்லுறன்," என்றார். நான் உடனேயே நானாவுக்குப் போன் எடுத்து, இவர் சொல்லப் போகிறார், கட்டாயம் வாங்கோ, றம்சீனின் பெடியன்களும் கம்போடு வரட்டும், உண்மை தெரிந்தால் ராஜினி ஆடவிடாமலா இருப்பா என்று படபடவென்று சொன்னேன். மறுமுனையில் நானா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வது கேட்டது.

விழா பின்னேரம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள், பக்கத்தில் எங்கள் ஊர் இரஞ்சிதம். நானா நாலைந்து வரிசை தள்ளி, தொப்பியும் வெள்ளைச் சேட்டுமாக இருந்தார். கதவடியில் றம்சீனும் பெடியன்களும் ஒரே மாதிரிச் சாரத்தோடு, கம்புகளைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். கனடாப் பிள்ளைகள் ஆடினார்கள். தரை அடி வந்தபோது மண்டபம் எழும்பியது. நான் திரும்பி நானாவைப் பார்த்தேன். அவர் இருந்தபடியே இருந்தார்.

பிறகு இவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போட்டார்கள். ராஜினி மைக்கைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசுங்கோ ஐயா என்றாள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, பேசாமல் இறங்கி வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார். "எனக்குப் பேசத் தெரியாது. ஒரு விசயம் சொல்லவேணும். இந்த ஆட்டம் என்ர அப்பா தந்தது இல்லை. நீராவிப்பிட்டியில கச்சு முகம்மதுவின்ர வாப்பாதான் எனக்குப் பழக்கினவர். இது அவையின்ர களிக்கம்பு. கச்சுவும் நானும் சோடி. அவை போனாப் பிறகு எனக்கு முன்னால ஆள் இல்லை. அதாலதான் என்ர கம்பு நிலத்தில பட்டது. அது வணக்கம் இல்லை. என்ர பிள்ளைக்கு நான் சொல்லாமல் விட்டிட்டன். பிழை என்னில."

நானா தலையைக் குனிந்துகொண்டார், அவருடைய தோள் குலுங்கியது. கதவடியில் றம்சீன் பக்கத்தில் நின்றவனின் கையை இறுகப் பிடித்தான். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கட்டிய நாளிலிருந்து இந்த மனுசனை நினைத்து நான் இப்படிப் பெருமைப்பட்டதில்லை.

சனம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தது. ராஜினி கிருசாந்தனைப் பார்த்தாள். கனடாப் பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது. கிருசாந்தன் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து, அவருடைய கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினான். அந்தப் போன்களை ஒருமுறை பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்ர அப்பா இப்பிடித்தான்," என்றான். "தன்ர எண்டு ஒண்டையும் வைச்சிருக்கமாட்டார். ஆருக்கு எண்டாலும் தூக்கிக் குடுத்திடுவார். ஒரு முஸ்லிம் சிநேகிதனுக்காகத் தன்ர பரம்பரைக் கலையையே, இந்தா இது உங்கட எண்டு மேடையில வைச்சுக் குடுக்கிற மனசு உலகத்தில ஆருக்கு வரும்? இதுதான் வன்னி. இந்த மனசைத்தான் நான் கனடாவில ஆடிக் காட்டுறன்."

கைதட்டு இடிபோல் எழுந்தது. சனம் எழுந்து நின்று தட்டியது. ராஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்லிணக்கத்துக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்று கேட்டாள். இவர் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று வாய் அசைந்தது. மைக் இவருடைய கையில் இல்லை. மகனுடைய கையைப் பிடித்து இழுத்தார், அவன் தகப்பனைக் கட்டிப்பிடித்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

இரஞ்சிதம் என் கையைப் பிடித்து, "அக்கா, உங்கட ஆளுக்கு எவ்வளவு பெரிய மனசு! பொய்யெண்டாலும் ஆர் இப்பிடி விட்டுக் குடுப்பினம்?" என்றாள்.

கச்சு முகம்மது ஐயாவும் மேடைக்கு வந்து மயில்வாகனம் ஐயாவின் கையால் ஒரு பொன்னாடை பெற்றுக்கொள்ளும்படி ராஜினி அழைத்தாள். நானா எழும்பினார். பின்வரிசைக்காரர் வழிவிட்டு, போங்கோ போங்கோ என்று முதுகில் தட்டினார்கள். அவர் மேடைப் பக்கம் திரும்பாமல் கதவை நோக்கி நடந்தார். பாவம், கூச்சப்படுகிறார் என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

நான் இரஞ்சிதத்தின் கையை உதறிவிட்டு ஓடினேன். வெளியே நின்ற வான் வண்டிக்குள் பெடியன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானா முன் ஆசனத்தில் இருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது.

"நானா, இவர் சொன்னவர்தானே," என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "உண்மையைத்தானே சொன்னவர்."

"ஓம் தங்கச்சி. சொன்னவன். அவனில எனக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்? நான் மகனோட கதைக்கிறன். திருப்பிச் சொல்லச் சொல்லுறன்."

நானா கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். குரலில் கோபமே இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நேற்றுவரைக்கும் நாங்கள் களவெடுத்தது எண்டிச்சினம். களவெண்டா, இல்லையெண்டு சண்டை பிடிக்கலாம். இனி மயில்வாகனம் பெரிய மனசு வைச்சுத் தந்தது எண்டுவினம். தந்ததெண்டு சொல்லுறவையோட எப்பிடித் தங்கச்சி சண்டை பிடிக்கிறது? என்ர வாப்பாவின்ர ஆட்டத்துக்கு நான் இனி எல்லாருக்கும் நன்றி சொல்லவேணும்."

றம்சீன் வானை இயக்கினான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மாமி," என்றான் மரியாதையாக. நான் தள்ளி நின்றேன். வான் ஒழுங்கையால் இறங்கித் தெருவுக்கு ஏறியது.

கிருசாந்தன் மண்டபத்துக்குள் இருந்து ஓடிவந்தான். முகம் வேர்த்து மினுங்கியது.

"அம்மா, கச்சு மாமா எங்க? எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கப் போகினம்."

"போயிட்டார்," என்றேன்.

"ஏன், கோபமே? நான் மரியாதையாத்தானே சொன்னனான்?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.